பெயர்ப் பதிவேட்டுக்கும் இரட்டைச் சாவி வேண்டும்

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் அலுவலகத்தில், அது எத்துணைச் சிறிய சங்கமாயினும், இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். நகைக் கடன் கொடுக்கும் சங்கமாயின் அப்பெட்டிக்குச் சாவிகள் இரண்டு. ஒன்று காரியதரிசியிடமும் மற்றொன்று காசாளரிடமோ நிர்வாக சபையினர் ஒருவரிடமோ இருக்கும். இருவரும் கூடினாலன்றிப் பெட்டி திறவாது. அடகுக்கு வந்தது அரைப் பவுன் தோடாயினும் இந்த ஏற்பாட்டிற்கு உட்பட்டே உள்ளே செல்லும். உட்பட்டே வெளியே வரும். காரியதரிசி நாணயமற்றவர் என்று கருதி முன்னோர் இவ்வழக்கத்தை ஏற்படுத்தினாரில்லை. நாணயமான மனிதர் மீது வீண்பழி விழாதிருக்க வேண்டும். அவரை மிரட்டவோ மயக்கவோ வருகிறவன் இன்னொருவரையும் மிரட்டி மயக்கினாலன்றிக் காரியம் ஆகாதென்ற நிலை இருக்க வேண்டும். இவ்விரண்டையும் எண்ணியே இரட்டைச் சாவி வந்தது.

அதைப் பற்றி இப்பொழுது பேச வேண்டிய காரணம் உண்டு. சங்கத்தின் சொத்து இன்று இரும்புப் பெட்டிக்குள் மட்டும் இல்லை. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஐக்கிய நாணய சங்கங்கள் தோன்றிய நாள் முதல் தடித்த அட்டை போட்ட பேரேடுகளில் எழுதப்பட்டு வந்த கணக்குகள் கணினிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. அதன் செலவு 2,516 கோடி ரூபாய் என்று திட்டமிடப்பட்டது. நெசவாளரின் கூலி வங்கிக் கணக்கில் விழுகிறது. விவசாயியின் ஆதார் எண்ணும் நில விவரமும் கணினியில் ஏறுகின்றன. மகளிர் சுய உதவிக் குழுவின் கூட்டம் திண்ணையில் நடந்தாலும் அதன் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வருகிறது. அங்கத்தினர் ஒருவருடைய பெயர், வயது, முகவரி, வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண், கடன் பாக்கி, அவருக்குப் பின் பணம் பெற வேண்டிய வாரிசின் பெயர் ஆகிய அத்தனையும் சங்கத்தின் கையில் இருக்கின்றன. இவற்றிற்கு இரண்டாவது சாவி எங்கே என்று கேட்டால் பல சங்கங்களில் பதில் கிடைப்பதில்லை. முதற் சாவியே இல்லாத இடங்களும் உண்டு.

இணையப் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன், அது பொறியியல் படித்தோர் காரியம், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அங்கத்தினர் பலர் ஒதுங்கி விடுகின்றனர். இயந்திரத்தைப் பற்றிய பகுதி நிபுணர்களுடையதுதான். அதில் தலையிட நமக்குத் தகுதியுமில்லை, விருப்பமுமில்லை. ஆனால் களவு போன பல இடங்களில், கள்வன் நுழைந்த வாசலை ஒரு மனிதர் அறியாமல் திறந்து விட்டிருக்கிறார். மனிதரைப் பற்றிய பகுதி மகாசபைக்கு உரியது. கூட்டுறவுச் சங்கம், சிக்கன சங்கம், சுய உதவிக் குழு, தொண்டு நிறுவனம் என்று இலாபத்தை நோக்காமல் நடக்கும் ஸ்தாபனங்கள் எல்லாவற்றுக்கும் இது பொதுவான விஷயம்.

இதனை ஆராய வட சென்னையிலுள்ள புளியந்தோப்பைக் காட்டிலும் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. நெசவாளரும் விவசாயிகளும் படிக்கும் இவ்விதழில் பட்டணத்துத் தெரு ஒன்றுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். அங்கு வாழ்ந்தவர்களும் நெய்தவர்களே. நம்மைப் போல் கைத்தறியில் நெய்யாமல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் இயந்திரத் தறியில் நெய்தார்கள். அவ்வாலைத் தொழிலாளர்களைக் கொண்டே 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியாவும் திரு.வி. கலியாணசுந்தரனாரும் முன்னின்று நடத்திய அச்சங்கமே இந்நாட்டில் ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்பர். சங்கத்தில் பெயர் கொடுத்தவர் யார் என்பது அந்நாளில் அற்பச் செய்தியன்று. ஒருவனுடைய வேலையும் அவன் வீட்டு உலையும் அதைப் பொறுத்திருந்தன. 1921-இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தின்போது, எத்தெருவார் வேலைக்குச் செல்கின்றனர், எத்தெருவார் செல்லவில்லை என்ற கணக்கே பகைமைக்கு அடையாளமாயிற்று. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. ஆலை 1996-இல் மூடப்பட்டு விட்டது. ஆயினும் பெயர்ப் பட்டியல் என்பது வெறுங் காகிதமன்று என்பதற்கு அவ்வட்டாரத்தின் சரித்திரத்தில் சான்று இருக்கிறது.

இன்று அவ்வட்டாரத்தார் துறைமுகத்திலும், ஆட்டுத்தொட்டியிலும், துப்புரவுப் பணியிலும், வீட்டு வேலையிலும் உழைத்துப் பிழைக்கின்றனர். அவர்களிடையே சிக்கனக் குழுக்கள் பல நடக்கின்றன. குழந்தைகளுக்கு மாலைப் பள்ளி நடத்தும் தொண்டர்கள் இருக்கின்றனர். நியாயவிலைக் கடை இருக்கிறது. ஒரே குடும்பத்தின் விவரங்கள் நான்கைந்து ஸ்தாபனங்களிடம் இருப்பது அங்கு சாதாரணம். ஏழையிடம் பெறும் விவரம் செல்வரிடம் பெறுவதைவிட எப்பொழுதும் அதிகமாகவே இருக்கிறது. வங்கியில் இலட்சம் ரூபாய் போடுகிறவரிடம் கேட்காத கேள்விகளை ஐந்து கிலோ அரிசி வாங்க வருகிறவரிடம் கேட்கிறோம். குடும்பத்தில் குடிப்பவர் உண்டா, கணவன் விட்டுப் போனானா, என்ன நோய், எத்தனை கடன் என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். உதவி செய்யும் நோக்கத்தோடுதான் கேட்கிறோம். எழுதியது பின்னர் என்ன ஆகிறது என்பதைப் பற்றிக் கவலைப்படுவோர் சிலரே.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் வந்த மிக்ஜாம் புயலில் புளியந்தோப்பும் பட்டாளமும் ஓட்டேரியும் நீரில் மிதந்தன. அந்நாட்களில் தொண்டர்கள் ஆற்றிய பணியைக் குறைத்துப் பேச எவருக்கும் நா எழாது. எனினும் வெள்ளக் காலத்தில் பட்டியல்கள் எவ்வாறு பரவுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். 2015 வெள்ளத்திலேயே, உதவி வேண்டுவோரின் பெயரும் முகவரியும் கைப்பேசி எண்ணும் இணையத்தில் எவரும் பார்க்கத்தக்க அட்டவணைகளாக ஓடின. கழுத்தளவு நீரில் நிற்பவரைக் காப்பாற்ற அது தேவையாயிருந்தது. அதில் பிழை காண்பது மனிதத் தன்மையாகாது. நீர் வடிந்த பின் அவ்வட்டவணைகளை எடுத்து அழிப்பது யார் பொறுப்பு? தனியே இருக்கும் முதியவள், கைக்குழந்தையோடு இருக்கும் இளம்பெண், இவர்களுடைய வீட்டு எண் ஊர் பேர் தெரியாதவர்களின் கைப்பேசிகளில் எத்தனை ஆண்டு கிடக்கலாம்? மிக்ஜாம் புயலுக்குப் பின் அரசு 6,000 ரூபாய் நிவாரணத்தை நியாயவிலைக் கடைகள் மூலம் ரொக்கமாகக் கொடுத்தது. ரொக்கமாகக் கொடுத்ததைப் பழைய முறை என்று சிலர் பரிகசித்தார்கள். டோக்கனைக் காட்டி, கடைக்காரர் முகம் பார்த்து, எண்ணி வாங்கும் முறையில் இடைத்தரகன் புகுவது கடினம் என்பதையும் பரிகசிப்போர் எண்ணிப் பார்க்கட்டும்.

அதே வட்டாரத்தில் நாம் பார்த்த ஒரு சிக்கன சங்கத்தின் பெயரை இங்கே சொல்வது முறையன்று. இரும்புப் பெட்டி சுத்தமாக இருந்தது. ரொக்கப் புத்தகம் அன்றன்று மாலை கையொப்பமாகி இருந்தது. தணிக்கையாளர் ஒரு குறையும் எழுதவில்லை. கணினியின் கடவுச்சொல் மட்டும் ஒரு சீட்டில் எழுதப்பட்டுத் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருந்தது. எல்லா அங்கத்தினருடைய ஆதார் நகல்களும் பொருளாளர் அம்மாளின் கைப்பேசியில் படங்களாக இருந்தன. அக்கைப்பேசியில் அவருடைய பேரன் விளையாடிக் கொண்டிருந்தான். அந்த அம்மாள் ஊதியமின்றிப் பல ஆண்டு உழைக்கிறவர். அவரிடம் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை, சொல்லவும் கூடாது. பெட்டிக்கு விதி செய்து கொடுத்த சங்கம் கைப்பேசிக்கு விதி செய்து கொடுக்கவில்லை. ஆகவே குறை சங்கத்தினுடையது.

கூட்டுறவாளரின் குணநலமே கள்வனுக்குக் கைப்பிடியாகிறது என்பது இவ்விஷயத்தில் மிகவும் வருந்தத்தக்க பகுதி. நம் இயக்கம் ஒருவரை ஒருவர் அறிந்து நம்பும் நம்பிக்கையின் மீது எழுந்தது. ஜெர்மனியில் ரெய்பைசன் ஏற்படுத்திய கிராம சங்கங்களும், சென்னை மாகாணத்தில் நிக்கல்ஸன் 1895-லும் 1897-லும் அளித்த அறிக்கைகளும் அடிப்படையாகக் கொண்டது, அண்டை வீட்டானின் நாணயம் அண்டை வீட்டானுக்குத் தெரியும் என்பதையே. காரியதரிசியிடமிருந்து, "மருத்துவமனையில் இருக்கிறேன், அவசரம், உடனே பணம் அனுப்பவும்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், இலாபக் கம்பெனியின் ஊழியன் ஒருவேளை தயங்குவான். சங்கத்து அங்கத்தினர் தயங்க மாட்டார். அது அவர் பண்பு. செய்தியை அனுப்பியவன் காரியதரிசி அல்லன், அவருடைய கணக்கைக் கவர்ந்துகொண்ட எவனோ ஒருவன் என்பது மறுநாள்தான் தெரியும். "குழுவிலிருந்து பேசுகிறோம், உங்கள் எண்ணுக்கு வந்த ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்" என்று கேட்டவுடன் சொல்லி விடுகிறவர்களும், பெரும்பாலும், கேட்டவருக்கு இல்லை என்று சொல்லிப் பழகாதவர்களே. திருமண அழைப்பிதழ் என்றும், பி.எம். கிசான் என்றும் பெயர் சூட்டிய செயலிகள் வருகின்றன. தொட்டவுடன் கைப்பேசி பிறர் வசமாகிறது. நம்பிக்கையைக் கைவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதைக் கைவிட்டால் கூட்டுறவுக்கு வேறு மூலதனம் இல்லை. பணம் பற்றிய செய்தி எவரிடமிருந்து வந்தாலும், பழைய எண்ணில் அழைத்து, அவர் குரலைக் கேட்ட பிறகே அனுப்புவது என்று சங்கம் ஒரு விதி செய்துவிட்டால், தயங்குகிறவர் நண்பரைச் சந்தேகித்தவர் ஆகமாட்டார். விதியைப் பின்பற்றியவர் ஆவார்.

சிறிய மனிதரிடம் நடப்பதே பெரிய ஸ்தாபனங்களிலும் நடந்திருக்கிறது. ஹைதராபாத்திலுள்ள மகேஷ் கூட்டுறவு நகர வங்கியில் 2022 ஜனவரியில் 12 கோடி ரூபாய்க்கு மேல் களவு போயிற்று. போலீசார் விசாரித்ததில், அதற்கு இரண்டு மாதத்திற்கு முன் வங்கி ஊழியர்களுக்கு ஏறத்தாழ 200 போலி மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டதாகத் தெரிய வந்தது. பெரும்பாலோர் அவற்றைத் திறக்கவில்லை. ஓரிருவர் திறந்தனர், அதுவே போதுமாயிருந்தது. அவ்வழியே உள்ளே புகுந்தவர்கள் பல வாரம் இருந்து எல்லாவற்றையும் கவனித்துவிட்டு, ஒரு வார இறுதியில் பணத்தை மாற்றிக்கொண்டு போயினர். இங்கே ஒரு விஷயத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். நூற்றுக்கணக்கான கடிதங்களில் ஒன்றை ஒரு மனிதர் எப்போதாவது திறந்தே தீருவார். களைப்பிலோ அவசரத்திலோ திறப்பார். ஒருவர் திறந்தால் கஜானா முழுதும் திறந்துகொள்ளும்படி வீட்டைக் கட்டி வைத்தது யார் என்பதே கேள்வி. ரிசர்வ் வங்கி 2023-இல் அவ்வங்கிக்கு 65 இலட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அபராதம் மின்னஞ்சலைத் திறந்த ஊழியருக்கு விதிக்கப்படவில்லை, வங்கிக்கே விதிக்கப்பட்டது. அது சரியான முறை என்றே கருதுகிறோம்.

அதற்கு முன், 2018 ஆகஸ்டில், 1906-இல் தோன்றிய புனா காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி இரண்டு மூன்று நாட்களுக்குள் 94 கோடி ரூபாயை இழந்தது. போலி அட்டைகளைக் கொண்டு 28 நாடுகளில் பணம் எடுக்கப்பட்டது. நூறாண்டுக்கு மேல் நாணயம் சேர்த்த ஒரு கூட்டுறவு ஸ்தாபனத்திற்கே இக்கதி.

விவசாய அன்பர்களுக்கு 2020-ஆம் ஆண்டு நினைவிருக்கும். விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பி.எம். கிசான் திட்டத்தில், தமிழ்நாட்டில் மட்டும் தகுதியற்ற ஐந்தரை இலட்சம் பேர் சேர்க்கப்பட்டிருந்தனர் என்பது அவ்வாண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வெளிப்பட்டது. 110 கோடி ரூபாய் அளவிற்கு முறைகேடு என்று அரசு கூறியது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி முதலிய மாவட்டங்களில் இது மிகுதியாக நடந்தது. உள்ளே புகுந்தவர்கள் பூட்டை உடைக்கவில்லை. அதிகாரிகளுக்கென்று கொடுக்கப்பட்ட கடவுச்சொற்கள் தற்காலிக ஊழியர் கைக்கும், அவர்களிடமிருந்து தரகர்கள், கணினி மையத்தார் கைக்கும் போய்விட்டன. ஒரு சாவியைப் பத்துப் பேர் வைத்திருந்ததற்கு ஒப்பான நிலை அது. தற்காலிக ஊழியர்கள் நீக்கப்பட்டனர், தரகர்கள் கைதாயினர், பணம் வசூலிக்கப்பட்டது.

யாரிடமிருந்து வசூலிக்கப்பட்டது என்பதுதான் நம் மனத்தை உறுத்துகிறது. பெயர் சேர்க்கப்பட்டவர்களில் பலர் நிலமே இல்லாத கூலிகள். கொரோனா நிவாரணம் வருகிறது, ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் கொடு என்று தரகன் கேட்டான், கொடுத்தார்கள். வந்த பணத்தில் தரகனுக்குப் பங்கு போயிற்று. பிறகு முழுத் தொகையையும் திருப்பிக் கட்டும்படி நேர்ந்தது அந்தக் கூலிகளுக்கே. அவர்களுடைய கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட இடங்களும் உண்டு. கடவுச்சொல் என்ற ஒரு சிறு சொல்லைக் கவனமின்றிக் கைமாற்றியதன் பாரம், அச்சொல்லை வாழ்நாளில் கேட்டறியாத ஒருத்தியின் வயிற்றில் போய் விழுந்தது.

இவற்றைக் கேட்டபின், எங்களிடம் பணமே இல்லையே, தொண்டு ஸ்தாபனத்தை எவன் கொள்ளையிடுவான் என்பவர்கள் செஞ்சிலுவைச் சங்கத்திற்கு நேர்ந்ததை அறிய வேண்டும். இலங்கைப் போர்க் காலத்தில் காணாமற் போனோரைத் தேடியலைந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அதன் பெயர் நன்கு தெரியும். போராலும் பேரிடராலும் பிரிந்தோரைச் சேர்த்து வைக்க உலகெங்குமுள்ள 60 நாட்டுச் சங்கங்களாவது திரட்டிய விவரங்கள் ஓரிடத்தில் இருந்தன. 515,000-க்கு மேற்பட்டோரின் விவரங்கள் அடங்கிய அக்கணினிகளுக்குள் 2021 நவம்பரில் அந்நியர் புகுந்தனர். 2022 ஜனவரியில்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. கணினிக்கு வேண்டிய ஒரு திருத்தம் வெளிவந்திருந்தும் உரிய காலத்தில் அதைச் சேர்க்காமையால் வாசல் திறந்திருந்தது என்று அச்சங்கமே பின்னர் தெரிவித்தது. அந்த ஏடுகளில் ரொக்கம் ஏதுமில்லை. சிறையில் இருப்பவர் பெயர், தப்பி ஓடியவர் பெயர், தாயைத் தேடும் குழந்தையின் பெயர் இருந்தன. அப்பெயர்கள் பகைவர் கைக்குப் போனால் என்ன நேரும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

செஞ்சிலுவைச் சங்கம் செய்த ஒரு காரியத்தை மட்டும் போற்ற வேண்டும். அது செய்தியை மூடி மறைக்கவில்லை. கண்டறிந்த மறுநாளே உலகறியச் சொன்னது. எங்கு தவறிற்று என்பதையும் அடுத்த மாதமே எழுதி வெளியிட்டது. தறியில் அமர்ந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சிட்டு மேலே நெய்வார்கள். அறுந்ததைக் கவனியாமல் நெய்தால் அந்தக் கோடு சேலை முழுதும் ஓடும்.

நம் சங்கங்களில் நடப்பது வேறு. ஏமாந்தவர் சொல்ல வெட்கப்படுகிறார். "படித்தவளாயிருந்தும் இப்படியா" என்று நான்கு பேர் கேட்பார்களே என்று கணவனிடங்கூடச் சொல்வதில்லை. பணம் திருடப்பட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவித்தால், அப்பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தாவுமுன் நிறுத்த இயலலாம். மணிக்கணக்கில் தாமதித்தால் இயலாது. வெட்கத்தால் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் கள்வனுக்கு நாம் கொடுக்கும் அவகாசம். ஆகையால், ஏமாந்தவரைப் பரிகசிப்பவர் சங்கத்திற்கு ஊறு செய்கிறவர் என்றே நாம் கொள்ள வேண்டும். ஊழியர் ஒருவர் தவறான செய்தியைத் திறந்துவிட்டேன் என்று தாமே வந்து சொன்னால் அவருக்கு மெமோ கொடுக்காமல் நன்றி கூற வேண்டும். கடினமான யோசனைதான். தண்டனை கொடுக்கும் இடத்தில் ஒருவரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

அரசினிடமும் பெரிய கம்பெனிகளிடமும் கொடுத்துவிட்டால் பத்திரமாயிருக்கும் என்ற எண்ணமும் சிலருக்கு உண்டு. 2021-இல் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் ஏறத்தாழ 50 இலட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கள்வர் கூடும் இடத்தில் வெளியிடப்பட்டிருப்பதாகப் பெங்களூர்ப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று அறிவித்தது. அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களின் நன்கொடையாளர் பட்டியல்களை வைத்துக் காக்கும் பிளாக்பாட் என்ற கம்பெனி 2020-இல் கள்வரிடம் சிக்கி, அவர்களுக்கே பணம் கொடுத்து, நகல்களை அழித்துவிட்டதாக ஒரு வாக்குறுதியைப் பெற்றது. கள்வனின் வாக்குறுதிக்கு என்ன மதிப்பென்று அன்பர்களே கூறட்டும். 2024 ஜூலை 31 அன்று, சிறிய வங்கிகளுக்குக் கணினிச் சேவை அளிக்கும் சி-எட்ஜ் என்ற ஒரு நிறுவனத்தில் கோளாறு புகுந்ததால், ஏறத்தாழ 300 கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும் பணப் பரிமாற்ற வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டன. அங்கெல்லாம் இருந்த அங்கத்தினர்களுக்கு அந்த நிறுவனத்தின் பெயர்கூட அதற்கு முன் தெரிந்திராது. பிறர் கையில் கொடுப்பது தவிர்க்க முடியாததாயினும், யார் கையில் கொடுத்திருக்கிறோம் என்பதை அங்கத்தினர் அறிந்திருக்க வேண்டும்.

சட்டமும் வந்துவிட்டது. 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கு 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டிருக்கிறது. விவரங்கள் களவு போனால் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். தருமத்திற்கு நடத்துகிறோம் என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனால் அபராதத்திற்கு அஞ்சி ஆலோசகர்களைத் தேடி ஓடுவதை நாம் ஆதரிக்கவில்லை. அவர்கள் எழுதித் தரும் நூறு பக்கத்தை நம் காரியதரிசிகளில் ஒருவரும் படிக்கப் போவதில்லை. செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதிக்குக் காசு செலவில்லை.

குறைவாகக் கேட்பதிலிருந்து தொடங்கலாம். தையல் வகுப்பில் சேர வருகிறவளிடம் ஆதார் நகல் எதற்கு? கேட்டு வாங்காத காகிதத்தை எவனும் திருட முடியாது. வேண்டியதை வாங்கினாலும், கடன் தீர்ந்து கணக்கு முடிந்து தணிக்கையும் ஆனபின், சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை போக மீதியை அழித்துவிடலாம். தணிக்கைக்கு எப்போதாவது வேண்டியிருக்கும் என்று எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்திருக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றி விட்டது. கடவுச்சொல்லை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒருவர் விலகினால் அன்றே மாற்ற வேண்டும். பணம் மாற்றும்போது ஒருவர் பதிந்து மற்றொருவர் ஒப்புதல் தரும் முறையைப் பல வங்கிகள் கேட்டால் செய்து கொடுக்கின்றன. அதுவே கணினியில் இரட்டைச் சாவி. கேட்காத சங்கங்களே அதிகம். சங்கத்துக் காரியத்திற்குச் சங்கம் ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்தால் பொருளாளரின் பேரன் அவனுக்குரியதில் விளையாடுவான். அதற்குப் பணமில்லை என்பார்கள். மகாசபை நாளன்று போடும் பந்தலுக்கு ஆகும் செலவை அவர்கள் ஒருமுறை கணக்கிடட்டும்.

வங்கிக் கணக்கையும் அட்டையையும் சில ஆயிரம் ரூபாய்க்குப் பிறருக்குக் கொடுத்து விடும் வழக்கம் ஏழைகளிடையே பரப்பப்பட்டு வருகிறது. களவுப் பணம் அக்கணக்குகளின் வழியே ஓடுகிறது. போலீசார் வந்து கதவைத் தட்டுவது கணக்குக்காரன் வீட்டில். வேலையில்லாத வாலிபர்கள் நிறைந்த வட்டாரங்களில் இதைப் பற்றிக் குழுக் கூட்டங்களில் வெளிப்படையாகப் பேச வேண்டும். மகளிர் குழுக்கள் இதற்கு ஏற்ற இடம். தன் மகன் எதற்குக் கையொப்பமிட்டான் என்பதைத் தாய் அறிந்துகொள்வதுபோல் போலீஸ் நிலையம் அறிந்துகொள்ளாது.

முதியோர்க்கு இவையெல்லாம் புரியுமா என்ற ஐயத்தை நாம் ஏற்பதற்கில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வட்டிக் கணக்கை மனத்தில் போட்டு மகாசபையில் காரியதரிசியை மடக்கிய சம்பவங்களை நம் இயக்கத்தில் பழையவர்கள் நன்கறிவார்கள். ஓ.டி.பி. என்பது அந்த நேரத்திற்கு மட்டும் செல்லும் கையொப்பம் என்று ஒருமுறை சொன்னால் அவர்கள் அதை மறக்க மாட்டார்கள். வெற்றுத் தாளில் கையொப்பமிடாதே என்று தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவர்கள் அவர்களே.

ஆண்டு மகாசபைக்கு நோட்டீஸ் அச்சாகுமுன் அங்கத்தினர் ஒருவரேனும் தம் சங்கத்துக் காரியதரிசிக்கு எழுதி, தணிக்கை அறிக்கைக்கு அடுத்தபடியாக நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி சேர்க்கும்படி கேட்கலாம். அங்கத்தினரைப் பற்றி என்னென்ன விவரங்கள் சங்கத்தில் இருக்கின்றன, அவை எந்தக் கணினியில், எவருடைய கைப்பேசியில், எந்த வெளி நிறுவனத்தில் உள்ளன, திறந்து பார்க்க உரிமை பெற்றோர் யார் யார் என்பதை நிர்வாக சபை சபை முன் படிக்க வேண்டும் என்பதே அந்த வரி. முதல் ஆண்டில் பல சங்கங்களால் முழு விடை கூற முடியாமற் போகலாம். அப்படியாயின் முடியவில்லை என்பதையே நடவடிக்கைக் குறிப்பில் எழுதி, அடுத்த கூட்டத்திற்குத் தேதி குறிக்கட்டும்.